கட்டை இல்லாத தேர்

சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது, லென்ஸை உயர்த்தினால் பெரிதாகிறது, தாழ்த்தினால் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்குகிறது, எப்படிப் பார்த்தாலும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, வழவழவென்று இளமஞ்சளில் தெரு மட்டும்தான், சௌந்தரவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தாள், தபால் நிலையத்தின் கடைசிக் கவுன்ட்டரில், சன்னல் கம்பி வழியாகக் காலை வெயில் மேசைமேல் வரிவரியாக விழ, இன்று வெளியிடப்போகிற தபால்தலைத் தாள் அவள் முன்னால் விரிந்து கிடக்க, நெடுங்கரைத் தேர், ஐந்து ரூபாய், கலசம் உண்டு, பாயும் மரக்குதிரைகள் உண்டு, காற்றில் ஆடும் துணித் தொம்பைகள் உண்டு, வடம் பிடிக்கிறவர்கள்கூட எறும்பு வரிசை மாதிரி ஒரு கோடாக உண்டு, முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இல்லை, கட்டை போடுகிற ஆளும் இல்லை. அது கீழவீதி, பின்னால் தெரிகிற மண்டபத்தை வைத்தே சொல்லிவிடலாம், குளத்தைப் பார்த்துச் சரிகிற தெரு, மற்ற வீதிகளில் இழுத்தால்தான் தேர் வரும், கீழவீதியில் இழுக்காமலே வரும், அங்கே கட்டை இல்லாமல் தேரை விட்டால் அது பாட்டுக்குக் குளத்தில் போய் இறங்கும், நடுவில் யார் நின்றாலும் பார்க்காது, ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது, பாரம்பரியம் என்று தங்க எழுத்தில் அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் சற்று நேரத்தில் அப்பா வந்துவிடுவார், புது வேட்டி கட்டிக்கொண்டு, கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு, தபால்தலையில் தன்னைப் பார்க்க.

அப்படி ஒரு ஆசையை மூட்டியதே அவள்தான், விழாக்குழுச் செயலாளர் வைத்தியலிங்கம் இதே கவுன்ட்டரில் கவரை ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் புகைப்படத்தை உருவிக் காட்டினார், பாரும்மா, இதத்தான் ஸ்டாம்புக்கு அனுப்புறோம், படத்தில் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அப்பா, காத்தமுத்துவேதான், வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு, இடுப்பை ஒடித்துக் குனிந்து, இரண்டு கையாலும் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகுகிறார், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை, அன்று சாயங்காலம் அப்பா சோற்றில் கை வைக்கும்போதே சொல்லிவிட்டாள், அப்பா நீ ஸ்டாம்புல வரப்போற. நானா, செத்தவங்களத்தான தாயி அதுல போடுவாங்க என்று அப்பா கேட்க, ச்சீ வாயக் கழுவுங்க என்று அம்மா கரண்டியோடு திரும்ப, ஆளுக்காகப் போடலப்பா, தேருக்காகப் போடுறாங்க, தேரு இருந்தா கட்ட இருக்கும், கட்ட இருந்தா நீ இருப்பல்ல என்று இவள் விளக்க, அப்பா யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டது வேறு, எச்சித் தொட்டுத்தான ஒட்டுவானுவ, எம் மூஞ்சில துப்புன மாதிரி ஆவாது? எச்சி பின்னாடிப்பா, மூஞ்சி முன்னாடி. அப்ப சரி என்றார். மறுநாளே சலூனில், அரிசி மண்டியில், டீக்கடையில், காத்தமுத்து ஸ்டாம்பில் வருகிற சேதி பரவி, அதெப்புடிய்யா ஒன்ன அவ்வளவூண்டுல அடைப்பாங்க என்று எவனோ கேட்டு, தொப்பைய மட்டும் வெளிய வுட்டுருவாங்க என்று எவனோ பதில் சொல்லி, அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே மூட்டை தூக்குகிறார், வருஷத்தில் ஒரு நாள் தேருக்குக் கட்டை, மீதி நாளெல்லாம் மண்டியில் மூட்டை, ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் அந்த ஒரு நாளைத்தான் சொல்வார், இவளைக் கல்லூரியில் சேர்க்கும்போதும் அப்படித்தான் சொன்னார், முதல் பட்டதாரிச் சலுகைக்காக எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, அது ஒரு நாள் கூத்துய்யா, மத்த நாள் என்ன பண்றன்னு சொல்லு என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை வல்லி இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மன் பேர் அவளுக்கு, சௌந்தரவல்லி, தேரில் வருகிறவளும் சௌந்தரவல்லி, சின்னப் பிள்ளையாக இவள் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊரே அண்ணாந்து கும்பிடுகிறது, சாமியப் பாருடி, மேல பாருடி என்று அம்மா முகவாயைத் திருப்புகிறாள், இவள் கழுத்தை வெட்டிக்கொண்டு கீழேயே பார்க்கிறாள், இவ்வளவு பெரிசு எப்படி நிற்கிறது, ஆயிரம் பேர் இழுத்து வருகிறது சரி, நிறுத்துகிறது யார், அதோ அப்பா பின்பக்கமாகவே ஓடுகிறார், சக்கரம் அவரை நோக்கி வருகிறது, முகத்துக்கு நேரே ஆள் உயரச் சக்கரம், போடு என்று ஒரு குரல், அப்பாவின் கை நீள்கிறது, கட்டை நறநறவென்று கடிபடுகிறது, மொத்தத் தேரும் உச்சிக் கலசம் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றுவிடுகிறது, எடு என்று குரல், மறுபடி ஓட்டம், திருப்பத்தில் கட்டைக்கு விளக்கெண்ணெய் தடவிச் சாய்வாகக் கொடுப்பார்கள், அந்த வழுக்கலில் சக்கரம் முனகிக்கொண்டே திரும்பும், வீட்டுக்கு வந்த அப்பாவின் மேல் இரண்டு நாளைக்கு அந்த வாசம் போகாது, ஒரு வருஷம் கால் பெருவிரல் போனது, அந்த வருஷமும் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான், தேரு எப்புடி இருந்துச்சு புள்ள? அம்மா சொல்வாள், பச்சைப் பட்டு, தாமரை மாலை, தொம்பை இந்தத் தடவை சிவப்பு, அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், ஓடுகிற தேரை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, பார்த்தால் கட்டை தப்பும், இவ்வளவு காலமும் அவர் பார்த்தது சக்கரத்தை, அதிலும் தரையைத் தொடுகிற நாலு விரற்கடையை. கட்டை இப்போதும் அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கிறது, மற்றவர்களுக்கு முட்டுக்கட்டை என்பது பேப்பரில் எதிராளியைத் திட்டுவதற்கான வார்த்தை, அவர்களுக்கு அது எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிற ஒரு சாமான்.

தபால்தலைக் கவுன்ட்டருக்கு மாற்றல் வந்த நாளிலிருந்து இந்த லென்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டது, வேலையில்லாத மத்தியானங்களில் பழைய தாள்களை விரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கோட்டை, அணை, பட்டுச் சேலை, தேயிலை மலை, நாடு எதையெல்லாம் பெருமை என்று நினைக்கிறதோ அதெல்லாம் விரல் நுனியளவில் பல் பல்லாக ஓரம் வெட்டி வரிசையாக இருக்கும், பார்க்கப் பார்க்கக் கேள்வி வரும், இந்தக் கல்லைத் தூக்கினது யார், இந்த மலையில் கொழுந்து கிள்ளுகிறவள் எங்கே, இந்தச் சேலையின் பார்டருக்குப் பின்னால் கை இருக்கிறதா, லென்ஸைச் சாய்த்து, தாளைத் திருப்பிப் பிசின் பக்கத்தைக்கூடப் பார்ப்பாள், கோபம் பிறகுதான் வரும், முதலில் வருவது வெறும் ஆவல், திருவிழாக் கூட்டத்தில் கீழேயே பார்த்த அதே ஆவல், இப்போதும் பார்க்கிறாள், சக்கரம் பெரிதாகிறது, மஞ்சள் தெரு அசைகிறது, கட்டை இல்லாத தேர் மெதுவாக உருளத் தொடங்குகிறது, கடைவீதியைத் தாண்டி, கல்லூரி வாசலைத் தாண்டி, சலுகைக்கு எழுதினவரின் மேசையைத் தாண்டி இங்கேதான் வருகிறது, கவுன்ட்டர் கம்பியில் நிழல் விழுகிறது, அவள் பின்பக்கமாக ஓடுகிறாள், போடு என்று குரல் கேட்கிறது, கையில் ஒன்றுமில்லை, போடு, போடு, போடணுமா வேண்டாமாம்மா, எவ்வளவு நேரம் அதையே முறைச்சிட்டு இருப்ப என்று போஸ்ட்மாஸ்டர் பிலோமினா அம்மா மேசையைத் தட்டினார், முத்திரை போடும்மா, உறையெல்லாம் காத்துக் கெடக்கு.

முதல் நாள் உறை என்பது ஒரு சடங்கு, வெளியிடுகிற அன்றைக்கே தபால்தலையை உறையில் ஒட்டி, அன்றைக்கு மட்டுமே உள்ள வட்ட முத்திரையை அதன்மேல் குத்தித் தருவார்கள், சேகரிக்கிறவர்கள் அதைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்துப் பேரப்பிள்ளை காலம்வரை காப்பாற்றுவார்கள், முத்திரை படத்தில் படக் கூடாது, கீழ் மூலையை நகக்கண் அளவு தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அதுதான் அழகு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். அம்மா, இதுல கட்டையே இல்ல, எங்கப்பாவும் இல்ல என்றாள் வல்லி, பிலோமினா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், அட ஆமா, என்றார், அச்சாகி வந்திருச்சேம்மா, இனிமே நீயும் நானும் பேனாவெடுத்தா வரைய முடியும்? அதற்குள் செயலாளர் வைத்தியலிங்கம் பன்னீர் வாசனையோடு உள்ளே வந்துவிட்டார், வெளியே பந்தலில் நாற்காலி இழுக்கிற சத்தம், பெரியவங்களுக்குக் குடுக்குற உறை ரெடியாம்மா என்றார். சார், நீங்க காட்டுன போட்டோல எங்கப்பா இருந்தாரே. இருந்தாரு, இருந்தாங்க, நாலஞ்சு பேரு இருந்தாங்க, நாந்தான் ஸ்டுடியோல குடுத்துச் சுத்தம் பண்ணி அனுப்பச் சொன்னேன் என்றார் அவர், ஒளிக்காமல், பெருமையாகவே, ஆளுங்க வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் பின்பக்கத்தக் காட்டிக் குனிஞ்சு நிக்கிறாங்க, அம்பாள் தேருக்கு முன்னால அது நல்லாவா இருக்கும், நாடு பூரா போற சமாச்சாரம். வல்லிக்குக் காது சுட்டது, சுத்தம் என்ற சொல்லை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார், வீட்டைக் கூட்டினதைச் சொல்கிற மாதிரி, சார், தேர் கீழவீதியில நிக்குது, கட்டைய எடுத்துட்டீங்க, குளத்துக்குள்ள போயிரும் சார் என்றாள். அவர் சிரித்தார், படம்தானேம்மா, படம் எங்கியாவது ஓடுமா, நீ காத்தமுத்து பொண்ணுல்ல, சந்தோஷம், படிச்சு நல்ல நெலமைக்கு வந்துட்ட, முத்திரைய அழகா ஓரத்துல போடு, படத்துல பட்டுடாம.

வாசலில் செருப்புச் சத்தம், அப்பா, புது வேட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை, பின்னால் கூட்டாளிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஏப்பா எங்களுக்கும் கொஞ்சம் காட்டு, நீ மட்டும் ஒன்னையே பாத்துக்கிட்டு நிக்காத, அவர்களைத் தடுக்கவும் முடியாமல் கூப்பிடவும் முடியாமல் வல்லி லென்ஸை நீட்டினாள், என்ன சொல்வது, நீ இல்லப்பா என்று எந்த வாயால் சொல்வது, அப்பா லென்ஸை வாங்கி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தபால்தலைமேல் கவிழ்ந்தார், எடுத்தவுடன் மேலேதான் போனார், கலசத்துக்கு, அங்கேயிருந்து ஒவ்வொரு தட்டாக இறங்கினார், அடேங்கப்பா என்றார், இவ்வளவு தொம்பையா கட்டுறோம், குதிரை வாயத் தொறந்துட்டுப் பாயுதே, அம்பாளு உள்ளாரத் தெரியிறா பாரு, எம்மாம் ஒசரம் தாயி, இதுக்கடியிலயா நாம ஓடுறோம் என்று கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார், அந்த முகத்தில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளையின் வியப்பு, ஓடுகிற தேரை முதல் தடவையாகப் பார்க்கிறார், முழுசாக, நிமிர்ந்து நின்று, இதைக் கொடுத்ததும் அந்தப் பாழாய்ப்போன படம்தானே என்று வல்லிக்குத் தன் கோபத்தின்மேலேயே கோபம் வந்தது. லென்ஸ் கீழே இறங்கியது, சக்கரத்துக்கு வந்தது, நின்றது. தன்னைத் தேடுவார் என்று அவள் காத்திருந்தாள், அப்பா தேடவில்லை, கட்டைய எவன் எடுத்தது என்றார், குரல் மாறிவிட்டது, கீழவீதி தாயி இது, சரிவு, கட்டை இல்லாம வுட்டுருக்கானுவ, முன்னால வடம் புடிக்கிறவன் அத்தினி பேரும் நசுங்கிப்போவான். சொல்லும்போதே அவருடைய வலது கை மேசை விளிம்பில் பக்கவாட்டில் நீண்டு எதையோ துழாவியது, அங்கே இல்லாத ஒன்றை.

வல்லி முத்திரையை எடுத்தாள், மரப்பிடி உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது, மையில் ஒரு அழுத்து, உறையை நேராக வைத்தாள், கீழ் மூலை, வழக்கப்படி கீழ் மூலையேதான், தேர் பார்க்கிற பக்கம், சக்கரம் உருளப்போகிற பக்கம், நகக்கண் அளவுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் உள்ளே, போடு என்றது குரல், யாருடையதென்று தெரியவில்லை, போட்டாள். கவுன்ட்டர் அதிர்ந்தது. ஐயையோ படத்துமேல ஏத்திட்டாளே, ஒரு நிமிஷத்துல பாழாக்கிட்டாளே என்று வைத்தியலிங்கம் பதறி வர, அவள் அடுத்த உறையை எடுத்து அதே இடத்தில் போட்டாள், அதற்கடுத்ததையும், மேடம் நீங்களாவது சொல்லுங்க என்று அவர் பிலோமினாவிடம் போக, பிலோமினா ஒரு உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தேதி தெளிவா இருக்கு, ஊர்ப் பேர் தெளிவா இருக்கு, முத்திரை ஸ்டாம்பத் தொடணும், தொட்டிருக்கு, என்ன சார் குறை, என்று சொல்லிவிட்டு, நீ போடும்மா, மை காயறதுக்குள்ள என்றார். வைத்தியலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினார், பெரியவர்கள் வந்துவிட்டார்கள் போல, மேளம் தொடங்கிவிட்டது.

ஈரம் காயாத முதல் உறையை அவள் அப்பாவின் பக்கம் நகர்த்தினாள், நீ அதுல இல்லப்பா, எடுத்துட்டாங்க என்றாள், அப்பா தலையை மட்டும் ஆட்டினார், அது கிடக்கட்டும் என்பது போல, லென்ஸை வைத்துக் குனிந்தார், நேராகச் சக்கரத்துக்கே போனார், சக்கரம் நிற்கிறது, அதன் முன்னால் வட்ட முத்திரையின் தடித்த விளிம்பு ஓரம் கறுப்பாக, சாய்வாக, சக்கரம் தரையைத் தொடுகிற அந்த நாலு விரற்கடையில் சரியாகக் கடிபட்டு, மை இன்னும் மினுங்குகிறது, எண்ணெய் தடவின கட்டை மாதிரி, அப்பா ரொம்ப நேரம் பார்த்தார், கண்ணை மாற்றிக்கொண்டு பார்த்தார், மேசையில் துழாவிய கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார், ம், இன்னும் ஒரு நூலு உள்ளார குடுத்துருக்கலாம் தாயி, என்றார், ஆனா நின்னுடுச்சு.