சலாமாவின் ஆடுகள்

பதினான்கு வயதில் படித்த மாயாஜால நாவலை அபீர் தன் அறையில் மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளைப் பெண் கேட்டு நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை தாங்கி வந்தவர் நவாஃப் பாஷா. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; உரை நிகழ்த்துவதிலிருந்து பெறவில்லை. அவர்கள் ஊரான இர்பிதில் பெண் கேட்டு வரும் தலைவர் முன் ஒரு கோப்பை காபி வைப்பார்கள். பெண்ணைக் கொடுத்தோம் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் அதைத் தொடக் கூடாது. சம்மதமெல்லாம் முன்பே பேசி முடித்ததுதான். ஆனாலும் காபிக்கு அது தெரியக் கூடாது.

ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை. அபீருக்கு நாட்டின் மறுகோடியிலுள்ள அகபா துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை.

"அதெல்லாம் பிற்பாடு பேசிக்கலாம்டி. பாஷாவே வந்திருக்காரு."

நாவலில், உலகைக் காக்கப் பிறந்தவள் நீ என்று ஒரு கிழப் பூதம் ஆடு மேய்க்கும் சலாமாவிடம் சொல்கிறது. "அதுவரைக்கும் என் ஆடுகளை யார் பார்ப்பது?" என்கிறாள் அவள். வாளை உருவ வேண்டியவள் ஆட்டைப் பற்றிக் கேட்கிறாளே என்று பதினான்கு வயது அபீருக்கு ஒரே அவமானம். பென்சிலால் அந்த வரியை அடித்திருந்தாள். முப்பத்தோரு வயதில் பார்த்தால், புத்தகத்திலேயே புத்தியுள்ள வரி அதுதான். பதிலுக்குப் பூதம் தொண்டையைச் செருமுகிறது.

கூடத்தில் பாஷாவும் செருமினார். உரையில் மாப்பிள்ளையின் ஏழாவது பாட்டனாரின் குதிரை வரை வந்திருந்தார், தொண்டை வறண்டுவிட்டது. குதிரையை விடாமலேயே எதிரிலிருந்த கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.



"பாஷா, குடிச்சிட்டீங்களே!" என்றார் மாப்பிள்ளையின் மாமா, மெல்ல.

"எதை?"

திடீர் அமைதியில் அபீர் கதவைத் திறந்தாள். நடையில் அம்மா தலையில் கைவைத்து நின்றாள். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அப்பா, நான் அகபாலதான் இருப்பேன். அதைச் சொல்லிட்டுச் சம்மதம் சொல்லுங்க."

"பாஷாகிட்ட நிபந்தனை போட்டா ஊரே சிரிக்கும்மா."

"ஊரு இப்ப பாஷாவைப் பாத்துச் சிரிக்கப்போகுது. உங்க முறை வர நேரமாகும்."

அப்பா யோசித்தபடி கூடத்துக்குத் திரும்பினார்.

"பாஷா, நான் சம்மதம் சொன்னப்புறம்தான் நீங்க குடிச்சீங்க. பொண்ணு அகபாலதான் இருப்பான்னும் அப்பவே சேத்துச் சொன்னேன். காதுல விழுந்துச்சில்ல?"

பாஷா காலிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"தெளிவா விழுந்துச்சு. கேட்டுட்டுத்தானே குடிச்சேன்!"

முப்பத்தொன்பது பேரும் தங்களுக்கும் விழுந்தது என்றார்கள். எல்லோருக்கும் காபி வந்தது.

"அகபால வெயில் ஜாஸ்தியாமே?" என்றான் மாப்பிள்ளை முஹன்னத்.

"குடிடா," என்றார் பாஷா.