பால் மழையில் ஒரு ஓநாய்

மாவனல்லை ஹிமாயா மிஸ் வருடத்துக்கு ஒரு சிறுவர் புத்தகம்தான் போடுவார். முன்பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு கணவரின் அச்சகத்தைப் பொறுப்பெடுத்தவர். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எழுதியவர் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் தாமாகவே "இன்னொருக்கா" என்று கேட்க வேண்டும். கேட்டால் அச்சுக்குப் போகும். கேட்காவிட்டால் கதை திரும்பி வரும்.

அந்த ஒரு புத்தகம் என்னுடையதாக இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எங்கள் வீடு ருவான்வெல்லைப் பக்கம், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா ரப்பர் பால் வெட்டப் போவார். மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூல் போல உரிக்கலாம். மற்றப் பிள்ளைகள் அதை உருட்டிப் பந்து செய்தார்கள். நான் மிருகங்கள் செய்தேன். வீடெல்லாம் நாறுகிறது என்று அடி வாங்கினேன். பந்துகள் துள்ளின, என் மிருகங்கள் துள்ளவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன்.

பிறகு டவுன் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே தமிழுக்கு ஒரு தட்டு, அதில் பாதி மொழிபெயர்ப்பு நாவல்கள். பனிக்காடு, சறுக்கு வண்டி, அடுப்பங்கரையில் உறங்கும் மனிதர்கள், வெளியே ஓநாய். மின்விசிறி ஓடாத அறையில் வியர்த்துக்கொண்டே அவற்றை வாசித்தேன். அதன் பிறகு நான் செய்தவை எல்லாம் ஓநாய்கள்தான்.

ஆகவே என் முதல் கதையும் பனியில் வழி தவறிய ஓநாய்க்குட்டியைப் பற்றியதாக இருந்தது. அதை எத்தனை முறை திருத்தினேன் என்று தெரியாது. கடைசியில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு எடுத்துப் போனேன். தாய்மார் பால் வெட்டி முடித்து வரும்வரை பிள்ளைகளை அங்கேதான் விட்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர் சீதாதேவி அக்கா.

"வாங்க எழுத்தாளரே. மெதுவா வாசிங்க, ரெண்டு தூங்குது" என்றார்.

நான் வாசித்தேன். "அன்று வானத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. மரம், கூரை, பாதை எல்லாம் மூடிப்போயின."

"பாலா, அக்கா?" என்றான் லோஜன்.

"இல்ல தங்கம், பனி."

"அது ஹிம. நா டீவியில பாத்தேன்" என்றாள் துஷாந்தினி. டீவியில் சிங்களக் கார்ட்டூன்தான் பார்ப்பாள், அதில் பனிக்கு ஹிம என்றுதான் வரும்.

"போடி. வெள்ளையா கொட்டுனா பாலுதான்."

"மழ பேஞ்சா மரத்துப் பால் கெட்டுரும்ல?"

"லூசு, பாலே மழையா பேயுது. எப்பிடிக் கெடும்?"

துஷாந்தினி யோசித்தாள். "அப்ப எங்கம்மா வெட்டப் போக வேணாம். வாளிய வாசல்ல வச்சாப் போதும். வீட்டுலயே இருக்கலாம்."

"அது பனிதான். ஐஸ் மாதிரி குளிரும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து வாசித்தேன். குட்டி நிலா வெளிச்சத்தில் தாயைக் காணும் இடம் வந்தபோது லோஜன் செருப்பை லொறியாக ஓட்டிக்கொண்டிருந்தான். தூங்குகிறவர்களின் தொகை கூடியிருந்தது.

"கத நல்லாத்தான் இருக்கு. எனக்கே தூக்கம் வந்துருச்சு" என்றார் சீதாதேவி அக்கா.

தாள்களைப் பையில் வைத்தேன். இந்த வருடம் போயிற்று என்று நினைத்தேன்.

"அக்கா, மத்தக் கதையச் சொல்லுங்க" என்றான் லோஜன்.

"எது?"

"பால் பேயிற கத."

"அப்பிடி ஒரு கத இல்லையே."

"இப்பத்தானே சொன்னீங்க!" துஷாந்தினிக்குக் கோபம் வந்துவிட்டது.

மறுபடி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். பால் மழை பெய்கிறது. அன்றைக்கு ஒரு அம்மாவும் வேலைக்குப் போகவில்லை. வாளி, சட்டி, கிணறு எல்லாம் நிரம்பிவிட்டன. பிறகு பால் காயத் தொடங்கியது. கதவு ஒட்டிக்கொண்டது, கோழி ஒட்டிக்கொண்டது. பாதையில் வந்த ஓநாயின் நான்கு காலும் ஒட்டிக்கொண்டன.

"புள்ளைங்க போயி உரிச்சி விட்டாங்க" என்றான் லோஜன்.

"கடிக்காதா?"

"காலுதான் ஒட்டிருச்சே."

"வாயி ஒட்டலியே?"

அது நியாயமான கேள்வி. அதனால் வாயிலும் கொஞ்சம் பால் விழுந்தது. கதை முடிந்ததும் "இன்னொருக்கா" என்றார்கள். அடுத்த முறை நான் கோழியை விட்டுவிட, எல்லோரும் சேர்ந்து திருத்தினார்கள்.

மறுநாள் பஸ் ஏறி அச்சகத்துக்குப் போனேன்.

"கேட்டாங்களா? உண்மையச் செல்லுங்க" என்றார் ஹிமாயா மிஸ். "சொல்லுங்க" அவர் ஊர்ப் பேச்சில் "செல்லுங்க".

"கேட்டாங்க மிஸ். ஆனா நா எழுதுனத இல்ல."

அவர் என் தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தார். "அப்ப அவங்க கேட்டதச் செல்லுங்க."

சொன்னேன். கதவு ஒட்டிய இடத்தில் சிரித்தார். அம்மாக்கள் வீட்டில் இருந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"நல்லா ஈக்கிது. இதப் போடுவோம். ஓநாய மட்டும் எடுங்க. எங்கட காட்டுல ஓநாய் எங்க புள்ள? நரியாப் போடுங்க."

பனி போயிற்று, நிலா போயிற்று, தாய் ஓநாயும் போயிற்று. அவற்றுக்காக நான் வாதாடவில்லை.

"இல்ல மிஸ். ஓநாய்தான்."

"ஏன்? நரின்னா அச்சடிக்கிறன். ஓநாய்ன்னா யோசிக்கணும்."

"யோசிங்க மிஸ். பனியப் பாலான்னு கேட்டாங்க. ஓநாய் என்னன்னு ஒருத்தரும் கேக்கல."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "படம் கீறுறவருக்கு ஓநாய் வராது. போன தரம் சிங்கம் கேட்டு பூன வந்திச்சி."

"நானே கீறுறேன்."

"இங்கயே கீறுங்க பாப்பம்."

பென்சிலை எடுத்தேன். காது வந்தது, முதுகு வந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"நாய் மாதிரி ஈக்கிதே."

"வால் இன்னும் போடல மிஸ்."

மேசையில் கிடந்த கலியாணக் கார்டுக் கட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"வால ஆறுதலா, அவசரப்படாமப் போடுங்க. ஏப்ரலுக்கு முந்தி அச்சு முடியணும்."