சத்தம் போடாதவன் முதலில்

முப்பத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். டாக்டர்களே என்னிடம் அடக்கி வாசிப்பார்கள். ஓய்வு பெற்ற நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டு எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். எங்கள் தெருச் சமூகக் கூடத்து வேலை எனக்குப் புதிதல்ல. வேலையில் இருந்த காலத்திலும் விடுமுறை நாட்களில் தெருக்கோடியில் இருக்கிற அந்தக் கூடத்தில்தான் கிடப்பேன். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு கண்ணாடி அலமாரி போட்டு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டேன். வாரம் மூன்று நாள் புண்ணுக்குக் கட்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை. சனிக்கிழமை முதலுதவி வகுப்பு. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுப்பார்.

வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். பத்துப் பேர் அடிபட்டுக் கிடந்தால் கத்துகிறவனிடம் ஓடாதே. கத்துவதற்கு அவனிடம் மூச்சு இருக்கிறது, அவன் காத்திருப்பான். சத்தம் போடாமல் கிடக்கிறவனை முதலில் பார். இந்த விதியால் நான் பிழைக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வகுப்புக்கு வருகிறவர்களில் தையல்காரிதான் கெட்டிக்காரி. தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாயை எலும்போடு சேர்த்து எப்படி அழுத்துவது என்று போன மாதம் மற்றவர்களுக்குப் பிடித்துக் காட்டியதே அவள்தான். ஆனால் அவளை எனக்கு வகுப்பில்தான் பழக்கம் என்றில்லை. நான் வேலையில் இருந்தபோது மூன்று தடவை அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். ஒரு தடவை தாடை, ஒரு தடவை விலா, கடைசியாக வலது கையில் மூன்று விரல். மூன்று தடவையும் அவள் கணவன், லாரிக்காரன், திரைக்கு வெளியே காத்து நின்றான்.

"குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்கங்க சிஸ்டர். வேற எதாவது எழுதினா நான் உயிரோட வீடு போய்ச் சேர மாட்டேன்" என்பாள்.

வழுக்கி விழுந்தால் விரல் அப்படி ஒடியாது. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்பக்கம் மடக்கினால்தான் ஒடியும். பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்தும் பதிவேட்டில் வழுக்கி விழுந்தாள் என்றே எழுதினேன். மூன்று பொய்யும் என் கையெழுத்தில் இருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் மூன்று தடவையும் அவளை அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறேன்.

அதனால்தான் கழுத்தில் விரல் தடத்தோடு அவள் கூடத்து வாசலில் வந்து நின்ற அன்று நான் பேனாவை எடுக்கவில்லை. கூடத்தின் பின்னறைச் சாவியை எடுத்துக் கொடுத்து அங்கே தங்கச் சொன்னேன்.

அவள் வந்து தங்கிய பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு லாரிக்காரன் வந்தான். நான் ஒரு கிழவரின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர், அவ இங்க இல்லப்பா என்று சொல்வது காதில் விழுந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் வயிற்றிலிருந்து கத்தியை உருவிக்கொண்டிருந்தான்.

கால் புண்காரர் உட்பட எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் குறுக்கே போனேன். புறங்கையால் ஓர் அறை விட்டான். மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது, ஒரு பல் நாக்கில் புரண்டது. பின்னறைக் கதவை இரண்டு உதையில் உடைத்தான். தையல்காரியை முடியைப் பிடித்து இழுத்து வந்து, அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். மறுபடி மோதினான். மூன்றாவது தடவை அவள் கால்கள் துவண்டன. அப்போதுதான் கத்தியை ஓங்கினான்.

சலைன் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பம் என் கையில் எப்படி வந்தது என்று தெரியாது. அடிப்பாகத்தை வீசி அவன் காதுக்குப் பின்னால் போட்டேன். கத்தி விழுந்துவிட்டது. தள்ளாடித் திரும்பினான். முகத்திலேயே இன்னொன்று போட்டேன். அந்த இரண்டாவது அடி தேவையே இல்லை. ஆசைப்பட்டு அடித்தேன்.

கண்ணாடி அலமாரியோடு சேர்ந்து சரிந்தான். தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. முட்டாள், அதை அவனே பிடுங்கி எறிந்தான். ரத்தம் விட்டு விட்டுச் சுவர் வரைக்கும் பீய்ச்சியது. அவன் ஒரு சத்தமும் போடவில்லை.

வாசலில் என் வீட்டுக்காரர் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தார். கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷர். அந்தக் கத்தலைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. கத்துகிறார், காத்திருப்பார். லாரிக்காரன் பக்கத்தில் மண்டி போட்டேன். அந்த இடத்தில் கயிறு போட்டுக் கட்ட முடியாது. காயத்துக்குள் முஷ்டியை விட்டு எலும்போடு அழுத்தினேன். ரத்தம் நின்றது.

"நாப்பது வருஷம் கூட இருந்தும் எனக்குக் கடைசி டோக்கன்தானா?" என்று அங்கிருந்து கத்தினார்.

பேசிக்கொண்டே இருங்கள் என்றேன். தையல்காரி தவழ்ந்து வந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. என் கையையும் அது இருந்த இடத்தையும் பார்த்தாள்.

"விட்டுடுங்க சிஸ்டர்."

ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். துணியை மடித்து அவர் வயிற்றில் அழுத்தச் சொன்னேன். அதையும் செய்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் சத்தம் நின்றிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

"வாந்தி எடுக்கறாரு சிஸ்டர். மூச்சு வரல" என்றாள்.

வாயை வழித்து மூச்சை மீட்க அவளுக்கும் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். இருந்த இடத்திலிருந்தே நான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் வீட்டுக்காரர். அவளை இங்கே வரச் சொன்னேன். அவள் கையைப் பிடித்து என் முஷ்டி இருந்த இடத்தில் இறக்கினேன்.

"இதுதான் இடம். கைய எடுத்தா மூணு நிமிஷம்தான் தாங்குவான்" என்றேன்.

"தெரியும் சிஸ்டர்."

நான் எழுந்து போனேன். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் விரலை விட்டு வழித்து, முதுகில் தட்டினேன். நெஞ்சு ஏறி இறங்கியது. இருமினார். வயிற்றுத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

தையல்காரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் திறந்துதான் இருந்தது, உதடு அசைந்தது. ரத்தம் பீய்ச்சும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அவர்களுக்கும் எனக்கும் நடுவே நாலு எட்டுதான். தையல்காரியை இங்கே வரவழைத்துவிட்டு நான் அங்கே போயிருக்கலாம். நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் முடிந்துவிட்டிருந்தான். என் வீட்டுக்காரரை நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் அறை வாசலில், எத்தனையோ பேரை நான் உட்காரச் சொன்ன அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார். தையல்காரி எதையும் சொல்ல மறுத்து, சிஸ்டரைக் கேளுங்கள் என்றுவிட்டாளாம். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். கத்தியை எழுதினேன், இரும்புக் கம்பத்தை எழுதினேன், இரண்டாவது அடியையும் மறைக்காமல் எழுதினேன். கடைசி வரி வந்தது. அந்தப் பெண் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தாள், ரத்தம் நிற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். இரண்டு கரண்டி குடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கைய எடுத்துட்டா. நான் பார்த்தேன்."

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

இன்னொரு கரண்டி தண்ணீர் வாங்கிக் குடித்தார். "சரி. மயக்கத்துல இருந்தேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல இப்போது வந்துவிட்டது.

முதல் மூன்று பொய்களை எழுதிய நாட்களில் நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். நாலாவதை எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் நாளைக்கு வந்து மறுபடி கேட்டால், அதே வரியைத்தான் எழுதுவேன்.