எடுத்துக்காட்டில் வந்த நான்

"கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்கக்கா," என்றார் மாப்பிள்ளை, காதிலிருந்து போனை எடுக்காமலே.

"ஒவ்வொரு பக்கத்துலயும், கீழே வலது ஓரத்துல. படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க மாப்ள."

"நீங்க எழுதினதை நான் படிச்சுப் பார்க்கிறதா? நல்ல கதை."

டீச்சர் தாள்கட்டைப் பிரித்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக நகர்த்திக் கொடுத்தாள். புத்தகத்தின் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்தில் இயந்திரத்தை ஓட்டுவார்கள். பின்னால் வம்பு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டுமே. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே அத்தனையிலும் போட்டு முடித்தார்.

மாப்பிள்ளை அவளுடைய தங்கையின் கணவர், ட்யூஷன் சென்டரின் முதலாளி. அங்கே இருபது வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவள் டீச்சர். ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கில வார்த்தைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துவைப்பது அவளுடைய பைத்தியம். தும்மினால் ஸ்னீஸ், குறட்டை விட்டால் ஸ்னோர், மோந்து பார்த்தால் ஸ்னிஃப், பன்றியின் நீண்ட மூஞ்சி ஸ்னவுட். எல்லாம் மூக்கைச் சுற்றியே வரும். ஸ்லிப், ஸ்லைடு, ஸ்லோப் மூன்றிலும் கால் வழுக்கும். க்ளோ, க்ளீம், க்ளிட்டர் என்றால் வெளிச்சம்.

"சொந்தக்காரங்க மாதிரி, முகஜாடை இருக்கும்," என்பாள் வகுப்பில். "நடுவுல ஒண்ணு ரெண்டு ஒட்டாததும் இருக்கும். எந்தக் குடும்பத்துலதான் இல்ல?"

வார்த்தைக்கு ஓர் அட்டை, அதில் அர்த்தம். ஒரு நீல பிஸ்கட் டப்பா நிறைய அட்டைகள். என்றாவது ஒருநாள் அது தன் பெயரில் புத்தகமாக வரும் என்று நினைத்திருந்தாள். போன வருஷம் வயிற்றில் அறுவை செய்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது டப்பா காலி. இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது, மாப்பிள்ளையின் பெயரில், அவர் கோட்டுப் போட்ட படத்தோடு.

அன்றைக்கு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என் பேரு எங்க மாப்ள?"

"குடும்பத்துக்குள்ள என்னக்கா, உங்க பேரு என் பேரு?"

அந்தப் பதிலை அவள் விழுங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

முதல் புத்தகம் சூடாக விற்றதும் மாப்பிள்ளைக்கு ருசி கண்டுவிட்டது. "இரண்டாம் பாகம் எழுதிக் கொடுங்கக்கா. அர்த்தம் மட்டும் போதாதாம், ஒவ்வொரு வார்த்தைக்கும் எடுத்துக்காட்டா ஒரு வாக்கியம் வேணுமாம்."

"எழுதித் தர்றேன். பேரு உங்களுதுதானே?"

"பின்ன?"

"சரி. அதை மட்டும் மாத்திடாதீங்க."

கையெழுத்தான தாள்களை அச்சகத்துக்கு அவளே எடுத்துப் போனாள். அங்கே எழுத்தடுக்கிப் பக்கம் கட்டுகிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"டீச்சர், நான் நாப்பது வருஷமா பக்கம் கட்டுறேன். படிச்சுக்கிட்டே கட்டுறவன். இந்த வாக்கியமெல்லாம் அவரு பார்த்தாரா?"

"கையெழுத்து இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "எண்ணூறு பிரதி சொல்லியிருக்காரு. தாளு நல்ல தாளாவே போடுறேன்."

புத்தகம் எண்ணூறும் பத்தே நாளில் பெற்றோர் கைக்குப் போனது. பதினோராம் நாள் மாப்பிள்ளையே வகுப்பெடுத்தார். முன்வரிசைப் பெண்ணை எழுப்பி, "எஸ்-என்ல தொடங்குறதெல்லாம் படிம்மா, வாக்கியத்தோட, சத்தமா," என்றார். டீச்சர் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நடுவில் பலகைத் தடுப்புதான். பேனாவை மூடிவைத்தாள்.

பெண் படித்தாள். பதுங்கிப் போவது, ஸ்னீக்: என் மனைவியின் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் அறைக்குள் பதுங்கிப் போனேன். பறிப்பது, ஸ்னாட்ச்: நீல டப்பாவிலிருந்து அவளுடைய இருபது வருட உழைப்பைப் பறித்தேன். ஏளனமாய்ச் சிரிப்பது, ஸ்னீர்: தன் பெயர் எங்கே என்று அவள் கேட்டபோது ஏளனமாய்ச் சிரித்தேன்.

"நிறுத்து," என்றார் மாப்பிள்ளை.

"இன்னும் நாலு இருக்கு சார்."

பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "சார், அது நம்ம டீச்சரா?"

அன்று மாலையே பெற்றோர் ட்யூஷன் சென்டர் வாசலில் நின்றார்கள், கையில் புத்தகத்தோடு. மறுநாள் காலை தங்கை அக்காவின் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் வீட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டியேக்கா."

"உன் அடுப்பு இத்தனை நாளா என் அட்டையிலதான் எரிஞ்சுது. அவரு அதையெல்லாம் அள்ளிட்டு வந்தப்போ நீ எங்க இருந்தே?"

தங்கை சுவரைப் பார்த்தாள். "காபி போட்டுக்கிட்டிருந்தேன்."

"இப்பவும் போய்ப் போடு. உன் வீட்டுக்காரர் படியேறி வர்ற சத்தம் கேக்குது."

மாப்பிள்ளை வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்த முகம்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. இரண்டாம் பாகத்தை எழுதினது நீங்கதானே? வித்ததையெல்லாம் திரும்ப வாங்கி அட்டையில உங்க பேரைப் போட்டுடறேன். பெரிய எழுத்துல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் ஏங்கிய பெயர், இப்போது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. பெயர் மாறிவிட்டால் அந்த வாக்கியங்களில் வரும் 'நான்' அவளாகிவிடுவாள். சொந்த அட்டைகளைத் தானே திருடியவள்.

"குடும்பத்துக்குள்ள என்ன மாப்ள, உங்க பேரு என் பேரு?"

அவர் தலை குனிந்தது.

"இரண்டாம் பாகம் உங்களுது. அது உங்களுதாவே இருக்கட்டும். வித்ததெல்லாம் வித்ததுதான், யார் வீட்லயும் போய்த் திரும்பக் கேக்காதீங்க. எனக்கு முதல் புத்தகம் வேணும்."

ஏற்கனவே எழுதி வைத்திருந்த தாளை மேசைமேல் வைத்தாள். அச்சகத்துக்கு ஒரு கடிதம்: முதல் புத்தகம் இனி அவள் பெயரில் மட்டும் வரவேண்டும், அது எப்படி அவர் கைக்குப் போனது என்பதை முதல் பக்கத்தில் அவரே சொல்லவேண்டும்.

"கையெழுத்துப் போடலன்னா?"

"எதிர்த் தெருவுல நானே ட்யூஷன் நடத்த ஒரு அறை பார்த்து வெச்சிருக்கேன். நேத்து உங்க வாசல்ல நின்னவங்கள்ல பாதிப்பேரு எங்கிட்டயும் வந்தாங்க."

மாப்பிள்ளை பேனாவை எடுத்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. தாளைக் கண்ணருகே கொண்டுபோய், உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினார். ஒரு வரி முடிந்ததும் மறுபடி அதன் தொடக்கத்துக்கே போனார்.

தங்கை காபியோடு வந்து கதவருகே நின்றாள். டீச்சர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள்.

"மெதுவாப் படிங்க மாப்ள," என்றாள். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."