முன்னுக்கு ஒரு கியர்

மெக்கானிக் வேலுமணி வண்டி கட்டிய கதை மூஞ்சிக்கல் கடைவீதியில் தெரியாதவர் கிடையாது. தெரியாதவரையும் அவனே கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருப்பான். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன அமெரிக்க மிஷன்காரர் ஒருவர், பின்பக்கம் இன்ஜின் வைத்த வண்டி ஒன்றை, மரத்தில் மோதிய கோலத்திலேயே விட்டுப் போனார். கூடு நசுங்கி, கியர்பாக்ஸ் நொறுங்கி, இன்ஜின் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வேலுமணி தகரம் தட்டிப் புதுக் கூடு செய்தான். மலைப்பாதையில் உருண்ட ஜெர்மன் வண்டி ஒன்றிலிருந்து கியர்பாக்ஸைக் கழற்றி வந்தான். கம்பெனி வேறு, போல்ட் துளையும் வேறு. நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டை மதுரையில் கடைந்து வாங்கி, இரண்டையும் சேர்த்துப் பூட்டினான்.

அதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டி ஓட்டிப் பார்க்கும் முன்பே பெண் கேட்டுப் போனான் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

வில்பட்டி ஆண்டிச்சாமிக்குப் பூண்டு விளையும் காடும், சின்னத்தாயி என்று ஒரே மகளும். கைரேகையில் கிரீஸ் ஏறியவனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவர் இழுத்தபோது, தானே கட்டின காரில் வந்து பெண்ணை அழைத்துப் போவதாக வேலுமணி வாயை விட்டான். ஆண்டிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு, “சரி, காரு வந்தா பொண்ணு வரும்” என்றார். வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பெண்ணின் அத்தை பிச்சையம்மாள், முறைப்பையனான தன் மகனுக்குப் புது வேட்டி எடுத்து மடித்தே வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் எல்லாம் பூட்டி முடிந்தது. வண்டி ஓட்டப் பேசி வைத்திருந்த சின்னக்கருப்பன் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டான். வண்டி பின்னால் நகர்ந்து பட்டறைச் சுவரில் முட்டியது. இரண்டாவதைப் போட்டான். அதுவும் பின்னால்தான், இன்னும் வேகமாக. மூன்றும் நான்கும் அப்படியே. ரிவர்ஸைப் போட்டால் மட்டும் வண்டி சாதுவாக முன்னால் போனது. அமெரிக்க இன்ஜின் சுற்றுகிற திசை வேறு, ஜெர்மன் கியர்பாக்ஸ் எதிர்பார்க்கிற திசை வேறு. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போட வேண்டும். இரண்டு நாள் சோலி. தாலி மறுநாள்.

“ஏலே, நான் மனுசங்களுக்கு வண்டி ஓட்டுறவன். நண்டுக்கு ஓட்டத் தெரியாது” என்று சின்னக்கருப்பன் இறங்கிப் போனான்.

ஆக, மாப்பிள்ளையே டிரைவர். பெண் அழைப்புக்கு மாப்பிள்ளை போகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லையே என்று கடைவீதி வாயைப் பொத்திச் சிரித்தது. வேலுமணிக்கு அது காதில் ஏறவில்லை. அவன் மனசெல்லாம் அந்த ரிவர்ஸ் பல்சக்கரத்தில் இருந்தது. கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதற்காகச் செய்த சின்னச் சக்கரம் அது. அதை நம்பி வில்பட்டி இறக்கத்தில் இறங்கி, ஒரு கல்யாணத்தையே சுமந்து மேலேற வேண்டும். ஒரு பல் போனால் பின்னால் போக நாலு வழி இருக்கும், முன்னால் போக ஒன்றும் இருக்காது.

காலையில் வில்பட்டி போய்ச் சேர்ந்தான். ஊரே கூடி முன்மூடியைத் திறந்து பார்த்து, இன்ஜினைக் காணோமே என்று மலைத்தது. பெண்ணையும் அத்தையையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். மேளத்தை முந்திக் கார் போனால் மரியாதையில்லை, மேளம் நடக்கட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று வேலுமணி பணிவாகச் சொன்னான். பயந்த பணிவு என்று தெரியாமல் ஆண்டிச்சாமி பூரித்துப்போய், நாயனக்காரருக்கு முன்னால் நடந்தார்.

ஏற்றம் தொடங்கியதும் அந்தப் பல்சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது. அது என்ன சத்தம் என்றாள் பிச்சையம்மாள். புது வண்டி அப்படித்தான் என்றான். முதுகு ஏன் சுடுகிறது என்றாள். மலைக் குளிருக்கு நல்லது என்றான். வேர்வை அவன் கழுத்து மாலையை நனைத்தது. உச்சிப் பொழுதுக்குள் மூஞ்சிக்கல்லில் தாலி ஏற வேண்டும். வேகம் கூட்டினால் பல் போகும், குறைத்தால் முகூர்த்தம் போகும். சின்னத்தாயியோ அவன் தோளுக்கு மேலாக இடமே மாறாத அந்தக் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி ஏற்றத்தில், வளைவைத் தாண்டி, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. இந்தப் பாரத்தோடு ஏற்றத்தில் பின்னால் போனால் மூட்டையும் நானும் பள்ளத்தில் என்று லாரிக்காரர் கையை விரித்தார். ஒதுங்க இடம் காருக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

பிச்சையம்மாள் கணீரென்று சொன்னாள். “பொண்ணழைச்ச வண்டி பின்னால போறதா? நல்லதுக்கா இது? அண்ணே, பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம்.”

மேளம் நின்றது. ஆண்டிச்சாமி திரும்பி நடந்து வந்தார்.

கதவைத் திறந்து சின்னத்தாயி இறங்கினாள். “நான் பின்னால போகலப்பா. வண்டிதான் போகுது. போகட்டும்.”

ஆண்டிச்சாமி மகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், போகச் சொல்லித் தலையசைத்தார். அத்தையையும் இறக்கிவிட்டார்கள். வேலுமணி கம்பியை அவசரமாகத் தள்ளினான். முதல் கியருக்குப் பதில் இரண்டாவது விழுந்தது. கார் அம்பாகப் பின்னால் பாய்ந்து, வளைவைச் சுற்றிக் கண்ணுக்கு மறைந்தது. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்றார் ஒருவர். பள்ளத்தில் விழுந்தான் என்றாள் பிச்சையம்மாள், கொஞ்சம் நம்பிக்கையோடு.

லாரி ஊர்ந்து இறங்கிப் போனது. பிறகு ஊளைச் சத்தம் கேட்டது. கார் நத்தையாக மேலேறி வந்து நின்றது. சின்னத்தாயி முன்பக்கக் கண்ணாடியோரம் குனிந்தாள்.

“நாலும் பின்னுக்குத்தானா?” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

பொய் சொல்ல வேலுமணியிடம் தெம்பு இல்லை. “ஆமா. முன்னுக்கு ஒண்ணுதான். அதுவும் தாங்குமான்னு தெரியல.”

அவள் நிமிர்ந்தாள். அப்பா காத்திருந்தார். திரும்பி நடந்தால் வில்பட்டி இறக்கம், கால் நோகாத வழி. வேலுமணி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“அத்தை, நீங்க அப்பாகூட மேளத்தோட நடந்து வாங்க. பாரம் குறையும்” என்றாள் சின்னத்தாயி. சுற்றி வந்து, ஊர் பார்க்க, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆண்டிச்சாமி செருமிவிட்டு நாயனக்காரரை ஊதச் சொன்னார்.

வண்டி ஊளையிட்டுக்கொண்டு நகர்ந்தது.

“நாளைக்குத்தானே அந்தக் கியர்ப் பெட்டியைக் கழட்டுவீங்க?” என்றாள் அவள், ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல். “என்னையும் வெள்ளனே எழுப்பிவிடுங்க. பக்கத்துல நின்னு பாக்கணும்.”

வேலுமணி தலையாட்டினான். பல்சக்கரத்தைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளைப் பற்றிய இன்னொரு பயமும் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.