ரொட்டி அடுப்பில் கேட்ட குரல்

கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்றால் பொலிக்சேனியின் குரல் அவள் வாயிலிருந்து வராது. தெருக்கோடியில் இருக்கும் ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து வரும். மிரோனிசி தீவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் தன் கல்யாணத்தில் நன்றி சொன்னபோது வெந்துகொண்டிருந்த ரொட்டிகள்தான் அதைக் கேட்டன. வீட்டில் நாலு பேரோடு பேசுவதில் தொந்தரவு இல்லை. எனவே பொது இடத்தில் வாய் திறக்காமலே பல வருஷங்களை ஓட்டிவிட்டாள்.

பிறகு, குளிர்காலத்தில் தீவுக்கு வந்துபோகும் கப்பலை நிறுத்தப்போவதாக ஏதென்ஸிலிருந்து தகவல் வந்தது. தீவில் ஆஸ்பத்திரி கிடையாது. பொலிக்சேனியின் புருஷன் ஸ்டாமாடிஸுக்கு ஒரு ஜனவரியில் நெஞ்சுவலி வந்து, அன்றைக்குக் கப்பல் இருந்ததால்தான் பிழைத்தான். அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பதாக இருந்தது. அவரிடம் பேச வேண்டியது அவள்தான் என்று ஊர் தீர்மானித்தது.

அவள் சதுக்கத்தில் அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்துப் பேசிப் பழகினாள். அவர்களுக்கு உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. முழுப் பேச்சையும் கேட்டவள் ரொட்டிக்கடைக்காரி அர்கிரோ, ஸ்டாமாடிஸின் தங்கை. கையில் மாவோடு வந்து நின்றாள்.

“அண்ணி, நாய் துரத்துற மாதிரி ஓடுறீங்க. நடுவுல மூச்சே விடல.”

“எதை விடுறதுன்னு தெரியாம எல்லாத்தையும் சொல்றேன்டி.”

“மீன் வெல, டூரிஸ்ட்டு, எதுவும் வேணாம். அண்ணனுக்கு வலி வந்த அன்னிக்கு நடந்தத மட்டும் சொல்லுங்க. ஒரு வரி சொன்னா கொஞ்சம் நிறுத்துங்க. உங்க புண்ணியத்துல என் ரொட்டியெல்லாம் கருகுது.”

பொலிக்சேனி பாதங்களை ஊன்றி நிற்கவும், அடிவயிறு வரை மூச்சை இழுக்கவும், கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு முகத்தைப் பார்க்கவும் பழகினாள். அவள் நிறுத்தி நிறுத்திப் பேசிய முதல் நாள், குரல் அடுப்பை விட்டுக் கடை வாசலுக்கு வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது.

அதிகாரி வந்த அன்று சதுக்கம் நிறைந்துவிட்டது. பொலிக்சேனி பாதங்களை ஊன்றி நின்றாள். அவள் அதிகாரியின் முகத்தையே பார்த்தாள். “என் வீட்டுக்காரரு அன்னிக்கு வலை பின்னிக்கிட்டிருந்தாரு” என்று ரொட்டிக்கடைப் பக்கமிருந்து கேட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். “கையிலேர்ந்து ஊசி விழுந்துச்சு” என்பது இன்னும் கிட்டத்தில் உள்ள முடிதிருத்தகத்திலிருந்து வந்தது. “மொகம் சாம்பலாப் போச்சு” என்பது சதுக்கத்து ஓரக் காப்பிக்கடையிலிருந்து. அதிகாரி ஒவ்வொரு வரிக்கும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே வந்தார். “அன்னிக்குக் கப்பல் இருந்துச்சு. அதோ, உக்காந்திருக்காரு பாருங்க.” இது அவள் வாயிலிருந்தே வந்தது.

அதிகாரி ஸ்டாமாடிஸை வெகுநேரம் பார்த்தார். கப்பல் ஓடும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். பொலிக்சேனி அங்கேயே தரையில் உட்கார்ந்து, அடக்கிவைத்திருந்த மூச்சை நன்றாக விட்டாள்.

இப்போது கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் அவள் பேசுகிறாள். சில நாள் குரல் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். ஜனங்கள் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்கொள்கிறார்கள்.