ஒரே கிணற்றுக்கு இரண்டு வெற்றிலை

அன்று வக்கீல் சண்முகவேலின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர், கிணறுகள் இரண்டு. வடக்குச் சுவரோரம் மேசைக்குப் பின்னால் வக்கீல். அவருக்கு இடப்பக்கம், சாய்வுப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுக் குமாஸ்தா தங்கசாமி. வாசலுக்கு நேரே, கட்சிக்காரர்களுக்கென்று போட்டிருந்த ஒரே நாற்காலியில் மிட்டாதார் சென்னிமலை. அவருக்கு எதிரே தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மல்லசமுத்திரத்து ஆராயி. சமையலறை நிலைப்படியில் வக்கீலின் மனைவி பெரியநாயகி, மடியில் முறத்தோடு. நடுக்கூடத்தில் இரண்டு முழ இடைவெளி விட்டு இரண்டு கிணறுகள். இரண்டுமே ஆராயியின் கிணறுதான். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு, பங்குனி மாதம், காலை பத்து மணி.

கிணறு வீட்டுக்குள் வந்த விதத்தைச் சொல்லப் பதினோரு வருஷம் பின்னால் போகவேண்டும். ராசிபுரத்துத் தறிக்காரர் மகனான சண்முகவேல், பட்டணத்தில் சட்டம் படித்துவிட்டு நாமக்கல்லில் பலகை மாட்டியபோது, வந்த வழக்கையெல்லாம் எடுத்தார். வழக்கு எடுப்பதென்றால் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதல்ல, அது பிற்பாடு. கட்சிக்காரர் நீட்டும் வெற்றிலையை வாங்கி வாயில் போட்டால் எடுத்தாயிற்று என்று அர்த்தம். வெற்றிலை போட்ட அன்று சாயங்காலமே, வழக்கில் இருக்கும் பொருள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். இருந்த இடத்திலும் அது இருக்கும், இங்கேயும் இருக்கும். மேச்சேரிக்காரர் ஒருவரின் ஆட்டு வழக்கில் பதினேழு செம்மறிகள் கூடத்தில் நின்றன. வாழப்பாடி அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஒரு மண்சுவர் சமையலறைக்குக் குறுக்கே எழுந்து, அடுப்பை ஒரு பக்கமும் அரிசிப்பானையை ஒரு பக்கமும் ஆக்கியது. சம்மன் கொண்டுவந்த அமீனா ஆடுகளைப் பார்த்து, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்தால் பொருள் தானாகவே தலைவாசல் வழியாக வெளியேறிவிடும். தோற்றால் போகாது, அங்கேயே சாகும். ஆட்டு வழக்கு தோற்ற அன்று பதினேழும் வரிசையாகப் படுத்துக் கண் மூடின. சுவரைக் கடப்பாரை போட்டு இடிக்க நான்கு நாள் ஆயிற்று. தோற்றதற்கும் காரணம் உண்டு. இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் நின்றவர், சுவர் வழக்கின் சாட்சியிடம் அது எத்தனை குட்டி போட்டது என்று கேட்டுவிட்டார்.

"கேசு எடுக்கறீங்களா, சந்தை கூட்டறீங்களா?" என்று பெரியநாயகி ஒருநாள் கேட்டாள். "படுக்கறதுக்கு நாலு மொழம் எடம் பாக்கியிருந்தாச் சொல்லுங்க. இல்லாட்டி நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிக்கறேன்."

அதன்பிறகு சண்முகவேல் கிணற்று வழக்கு தவிர வேறொன்றும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அதிலும் ஒரு சமயத்தில் மூன்றுக்கு மேல் இல்லை. நான்காவதாக வந்தவர்கள் ஏசினார்கள். சிலர் மண்ணை வாரி இறைத்துவிட்டும் போனார்கள். அவர் மூன்றோடு நின்றார். கிணற்றுக்குள் தாமே இறங்கிப் படி எண்ணுவார், ஊற்றுக்கண் எந்தத் திசை என்று பார்ப்பார், தண்ணீரை வாயில் விட்டு ருசி எழுதிக்கொள்வார், கட்சிக்காரர் தண்ணீர் எடுக்கும் ஒரு முறைநாள் முழுவதும் வரப்பில் உட்கார்ந்து, மாடு பூட்டி எத்தனை சால் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று குறிப்பார். குறுக்கு விசாரணையில் எதிர்ச்சாட்சிகள் அவரைவிடக் கிணற்றைக் குறைவாகவே அறிந்திருந்தார்கள். ஏழு வருஷத்தில் பத்தொன்பது கிணறுகள் தலைவாசல் வழியாக நடந்து போயின. இரண்டுதான் செத்தன, அவற்றை மண் போட்டு மூடினார்கள்.

தை மாதம் ஆராயி வந்தாள். அவள் மாமனாரும் சென்னிமலையின் அப்பாவும் கூட்டாக வெட்டிய கிணறு. வாரத்தில் மூன்று நாள் அவள் முறை, நான்கு நாள் மிட்டாதார் முறை. புருஷன் கருப்பண்ணன் இறந்த மறுவருஷம், அவன் உயிரோடிருக்கும்போதே தன் முறையை விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதியிருக்கிறான் என்று சென்னிமலை ஒரு காகிதத்தைக் காட்டி அவள் மாடுகளைத் திருப்பி அனுப்பினார். ஆராயி நீட்டிய வெற்றிலையைச் சண்முகவேல் வாங்கிப் போட்டார். கிணறு வந்தது. இருபத்தெட்டுப் படி, தண்ணீரில் லேசான துவர்ப்பு.

சண்முகவேல் தமக்கு எதிரே நிற்பதைச் சென்னிமலை விரும்பவில்லை. மாசியில் தம் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவரை அழைத்தார். கல்யாண வீட்டு வெற்றிலையை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. மிட்டாதார் தாமே மடித்துக் கொடுக்க, வக்கீல் வாயில் போட்டார். மென்று முடிக்கும் வரை காத்திருந்து சென்னிமலை அவர் காதோரம் குனிந்தார். "நம்ம கெணத்துக் கேசுக்கும் இதேதானுங்க வெத்தல. இனி நீங்க நம்மாளு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது? அந்தப் பத்திரம் கருப்பண்ணன் செத்தப்பறம், போன ஐப்பசியில எழுதுனது. பழைய ஸ்டாம்புக் காயிதம் ஒண்ணு கெடச்சுது."

அன்று சாயங்காலம் முதல் கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டாவது கிணறு நின்றது. அதே இருபத்தெட்டுப் படி, அதே துவர்ப்பு. மறுநாளிலிருந்து இரண்டிலும் தண்ணீர் தினம் ஒரு படி இறங்கியது. மல்லசமுத்திரத்து வயலில் இருந்த கிணற்றிலும் அப்படியே இறங்கியது. ஆராயியின் மிளகாய் பூவோடு வாடியது. இருபத்துநான்காவது படி வெளியே தெரிந்த காலையில் புறப்பட்டு, அவள் நடந்தே மறுநாள் காலை நாமக்கல் வந்தாள். விஷயம் கேள்விப்பட்டுச் சென்னிமலையும் வில்வண்டியில் வந்து சேர்ந்தார்.

"ஒரு கெணறு ரெண்டா நின்னா ஊத்து எங்கிருந்து சாமி வரும்?" என்றாள் ஆராயி. "ஏதோ ஒண்ண அனுப்பி வைங்க."

"அனுப்பட்டுமே," என்றார் சென்னிமலை. "அந்தம்மா கெணத்த அனுப்புங்க. ஏனுங்க வக்கீலய்யா, எங்கூட்டு வெத்தல செவக்கலீங்களா?"

"செவந்துச்சுங்க," என்றார் சண்முகவேல். "இன்னும் காறல் போகல."

அவருக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. பத்திரத்தைப் பற்றித் தெரிந்ததைக் கோர்ட்டில் சொன்னால், வெற்றிலை போட்ட கட்சிக்காரனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாமல் ஆராயிக்காக வாதாடினால், அவள் பக்கத்தில் நின்றுகொண்டே அவளிடம் மறைத்ததாகும். இரண்டு வெற்றிலையையும் மென்ற வாய் இந்தக் கிணற்றுக்காகத் திறக்க முடியாது. அவர் எழுந்து நின்றார்.

"ரெண்டு பேரு கேசையும் நான் உட்டுடறேனுங்க."

சென்னிமலை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "மல்லசமுத்திரத்துலருந்து ராசிபுரம் வரைக்கும் ஒரு கெணத்துக்காரன் உங்க படி ஏறமாட்டான். பாத்துக்குங்க." அவர் வில்வண்டியில் ஏறியதும் இரண்டாவது கிணறு பெயர்ந்து, நிலைப்படியில் இடிக்காமல் ஒருக்களித்து வெளியேறி, வண்டிக்குப் பின்னால் போயிற்று.

ஆராயி எழவில்லை. "உங்களுக்கு என்னமோ தெரியுது. மூஞ்சியிலயே எழுதியிருக்குது. அதச் சொன்னா முடிஞ்சு போவுதுங்களே சாமி."

சண்முகவேல் மேசை மேல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியநாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆராயி அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

வக்கீல் உட்கார்ந்து சேலத்து வக்கீல் நாச்சிமுத்துவுக்குக் கடிதம் எழுதினார். நான்கு வழக்குகளில் எதிரே நின்று, தோற்ற அந்த இரண்டு கிணறுகளையும் இந்தக் கூடத்திலேயே சாகடித்த மனிதர். சண்முகவேலுக்கு அவர் சிரிப்பே பிடிக்காது. ஆனால் அந்த ஜில்லாவில் கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்கும் வக்கீல் வேறு யாரும் இல்லை. ஊற்றுக்கண் தென்மேற்கில், பதினோராம் படிக்குக் கீழே. ஆராயியின் முறை செவ்வாய், புதன், வியாழன்; ஒரு நாளைக்கு நூற்று நாற்பது சால். இறைத்த மாடுகளின் நிறமும், பார்த்த சாட்சிகளின் பெயரும் தனித்தாளில். அந்த அம்மாள் பேசும்போது குறுக்கே பேசவேண்டாம், பேச்சு அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குவாள். பத்திரத்தைப் பற்றி எழுத வந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். வெற்றிலையைத் தாங்கள் அந்த அம்மாள் கையிலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டியது என்று கடைசி வரி.

தங்கசாமி அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். சேலம் மெயில் பஸ் பதினொன்றரைக்கு. ஆராயி கடிதத்தைத் தன் கையால் தபால் பையில் போடவேண்டும் என்றாள், போட்டாள். நிறுத்தம் வரை பின்னாலேயே வந்து நின்ற கிணற்றைக் கண்டக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மேலே மூட்டை ஏற்றியாயிற்று, இன்றைக்கு இடமில்லை, பின்னால் நடந்து வரட்டும் என்றார். ஆராயிக்குச் சேலத்துக்கு ஒரு சீட்டுக் கிழித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அது தண்ணீர் சிந்தாமல் வரக்கூடிய வேகத்தில் வண்டியை எடுத்தார்.